கலீபாவின் கணக்கும் கிறிஸ்தவ எழுத்தரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால இஸ்லாமிய அரசுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு விதமான கேள்விகள் வருகின்றன. "கிறிஸ்தவர்களை அங்கே வாழவே விடவில்லையாமே?" என்பது ஒன்று. "எல்லா மதத்தாரையும் சமமாக நடத்தினார்களாமே?" என்பது மற்றொன்று. அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து வரிக்கணக்கு எழுதிய கிறிஸ்தவரின் வாழ்க்கை இந்த இரண்டு கேள்விக்குள்ளும் அடங்காது. அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவோருக்காக இந்தப் பதில்கள்.

இஸ்லாமிய அரசில் கிறிஸ்தவர்கள் உண்மையிலேயே அதிகாரிகளாக இருந்தார்களா?

இருந்தார்கள், அதுவும் நூற்றாண்டுக் கணக்கில். டமாஸ்கஸ், பாக்தாத், கெய்ரோ, கோர்டோபா என்று தலைநகர் எதுவானாலும் எழுத்தராக, வரிக்கணக்கராக, தூதராக, மருத்துவராக அவர்கள் வருகிறார்கள். சிலர் வசீர் பதவி வரை, அதாவது கலீபாவுக்கு அடுத்த நாற்காலி வரை, போனார்கள். 9-ஆம் நூற்றாண்டில் பாஸ்ராவின் அல்-ஜாஹிஸ் கிறிஸ்தவர்களை மறுத்து எழுதிய நூலில், மக்கள் அவர்களை ஏன் மதிக்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறார்: அரசர்களின் எழுத்தர்களும், பெருமக்களின் மருத்துவர்களும், அத்தர் வியாபாரிகளும், நாணயம் மாற்றுவோரும் அவர்களில் இருக்கிறார்கள் என்கிறார். எதிர்த்து எழுதுபவரே ஒப்புக்கொள்ளும் செய்தி என்பதால் இதற்குத் தனி எடை உண்டு.

நாட்டை வென்றவர்கள் கணக்கை மட்டும் ஏன் தோற்றவர்களிடம் விட்டார்கள்?

படை வென்ற மறுநாளே வரி வர வேண்டும். எந்த ஊரில் எவ்வளவு நிலம், யார் எவ்வளவு கட்டினார், யார் பாக்கி என்பதெல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. சிரியாவிலும் எகிப்திலும் கிரேக்கத்தில், ஈராக்கில் பாரசீகத்தில். படிக்கத் தெரிந்தவர் அதே பழைய எழுத்தர்தான். அவரை அனுப்பிவிட்டால் கட்டுகள் இருக்கும், கணக்கு இருக்காது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு பாப்பிரஸ் தாள் இருக்கிறது, இப்போது வியன்னாவில். 643 ஏப்ரல் 25 தேதியிட்டது, எகிப்து அரபுகளின் கைக்கு வந்து ஓரிரு ஆண்டுகளில் எழுதப்பட்டது. ஹெராக்லியோபொலிஸ் பகுதியின் நிர்வாகிகளான கிறிஸ்தோபோரஸ், தியோடோராக்கியோஸ் இருவரிடமிருந்தும் படைவீரர்களின் உணவுக்காக 65 ஆடுகள் பெற்றுக்கொண்டதாக அப்துல்லா இப்னு ஜாபிர் என்ற தளபதி கொடுத்த ரசீது அது. மேலே கிரேக்கம், கீழே அரபு. அரபுப் பகுதியை எழுதியவர் இப்னு ஹதீத். கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான். தன்னை எழுத்தர் என்றும் திருத்தொண்டர் என்றும் குறித்திருக்கிறார். தேவாலயத்தில் பணி செய்யும் ஒருவர் முஸ்லிம் படைக்கு ரசீது எழுதிக் கொடுக்கிறார். ஹிஜ்ரி 22-ஆம் ஆண்டு அது. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த ஆட்டு ரசீதை மறக்காதீர்கள்.

சர்ஜூன் குடும்பம் என்கிறார்களே, அவர்கள் யார்?

டமாஸ்கஸின் பழைய கிறிஸ்தவக் குடும்பம். பைசாந்தியப் பேரரசின் காலத்திலேயே நகரின் நிதி அவர்கள் கையில் இருந்தது. 635 வாக்கில் நகரம் சரணடைந்ததில் மன்சூர் இப்னு சர்ஜூனுக்குப் பங்கு உண்டு என்று கிறிஸ்தவ வரலாற்றாசிரியரே எழுதிவைத்தார். மன்சூரின் மகன் சர்ஜூன், உமையா மரபின் முதல் கலீபா முஆவியா காலத்திலிருந்து அப்துல் மலிக் காலம் வரை சிரியாவின் வரித்துறையைக் கவனித்தார். ஆட்சி கைமாறிய குழப்பங்களிலும் அவர் நாற்காலி அசையவில்லை.

அந்த வீட்டில் பிறந்தவர்தான் திருச்சபை தன் பெரும் மறைவல்லுநர்களில் ஒருவராகப் போற்றும் தமஸ்கு யோவான். அலுவலகத்தை விட்டு எருசலேம் பக்கம் போய்த் துறவியானார். 8-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்கள் திருவுருவங்களை வணங்குவதைத் தடை செய்தபோது, அவற்றைக் காக்கும் வலுவான வாதங்களை எழுதியவர் இவர்தான். பேரரசரால் அவரைத் தொட முடியவில்லை, காரணம் அவர் வாழ்ந்தது கலீபாவின் நாட்டில். 754-இல் கூடிய சங்கம் அவருடைய குடும்பப் பெயரான மன்சூரைச் சொல்லி அவரைச் சபித்ததுடன் நின்றது. அதே யோவான், இஸ்லாத்தைத் தவறான கொள்கைகளின் பட்டியலில் சேர்த்தும் எழுதினார். கலீபாவின் நிழலில் இருந்துகொண்டு இரண்டையும் எழுத முடிந்திருக்கிறது.

கிறிஸ்தவ அதிகாரிகள் ஒருவருக்கொருவர் ஆதரவாக இருந்தார்களா?

எப்போதும் இல்லை. சர்ஜூன், பைசாந்தியச் சபையின் கோட்பாட்டை ஏற்ற மெல்கைட்டுப் பிரிவு. எகிப்து ஆளுநர் அப்துல் அஸீஸ் இப்னு மர்வானிடம் செல்வாக்கோடு இருந்த எடெஸ்ஸா நகரத்து அத்தனாசியஸ், அந்தக் கோட்பாட்டை ஏற்காத சிரிய யாக்கோபியப் பிரிவு. அத்தனாசியஸ் அள்ளிக்கொண்ட செல்வத்தைப் பற்றி கலீபாவிடம் கோள் சொன்னவர் சர்ஜூன் என்று சிரிய மரபு சொல்கிறது. சபைகளுக்குள் இருந்த பழைய பகை திவான் என்ற அரசு அலுவலகம் வரை வந்தது.

அரபு ஆட்சிமொழி ஆனதும் வேலை போய்விட்டதா?

அப்துல் மலிக் (685–705) கணக்குகளை அரபுக்கு மாற்றினார். ஈராக்கில் 697-இல், சிரியாவில் 700-ஐ ஒட்டி, எகிப்தில் 705–706-இல். சிரியாவில் இது எப்படி நடந்தது என்று வரலாற்றாசிரியர் அல்-பலாதுரி ஒரு கதை சொல்கிறார்: கிரேக்க எழுத்தர் ஒருவர் மை குறைந்தபோது தண்ணீருக்குப் பதில் மைக்கூட்டில் சிறுநீர் கழித்தாராம், கலீபாவுக்கு வந்த கோபத்தில் மொழியே மாறிற்றாம். ஒரு பேரரசின் நிர்வாக மொழி இதனால் மாறியிருக்காது. நாணயத்திலும் கட்டடத்திலும் அரபையும் இஸ்லாத்தையும் முன்னிறுத்திய ஒருவரின் திட்டத்தில் இதுவும் ஒரு பகுதி. ஆனால் அதே கதையின் அடுத்த வரி முக்கியம். வேலையை ஏற்ற சுலைமான் இப்னு சஅதுக்கு ஜோர்தான் மாவட்டத்தின் ஓராண்டு வரி, 180,000 தீனார், கொடுக்கப்பட்டது. ஓராண்டுக்குள் முடித்தார். சர்ஜூன் வெளியே வந்து, வேறு பிழைப்புப் பாருங்கள் என்று தன் ஆட்களிடம் சொன்னாராம்.

அவர்கள் வேறு பிழைப்புப் பார்க்கவில்லை, அரபு கற்றுக்கொண்டார்கள். இரண்டு தலைமுறைக்குள் கிறிஸ்தவ எழுத்தர்களின் அரபு நடை அரண்மனையில் பெயர் வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. எகிப்தின் கிராமங்களில் மாற்றம் இன்னும் மெதுவாக வந்தது. ஆளுநர் குர்ரா இப்னு ஷரீக் (709–714) அப்ரோதித்தோ ஊரின் நிர்வாகி பசிலியோஸுக்கு வரி கேட்டு அனுப்பிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அரபிலும் உண்டு, கிரேக்கத்திலும் உண்டு.

இஸ்லாமியச் சட்டம் இதை அனுமதித்ததா?

சட்ட அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. யூதர்களையும் கிறிஸ்தவர்களையும் நெருங்கிய கூட்டாளிகளாகக் கொள்ளாதீர்கள் என்ற குர்ஆன் வசனத்தை (5:51) பணிநியமனத்துக்கும் பொருத்திப் பார்த்தவர்கள் பலர். அந்த வசனத்தோடு சேர்த்து ஒரு செய்தி சொல்லப்படும். ஆளுநர் அபூ மூசா அல்-அஷ்அரியின் கணக்கைப் பார்த்து மெச்சிய கலீபா உமர், அதை எழுதியவரைப் பள்ளிவாசலுக்கு அழைத்து வாசிக்கச் சொன்னார். அவர் உள்ளே வர முடியாது என்றார் அபூ மூசா. தூய்மையில்லாமல் இருக்கிறாரா என்று உமர் கேட்டார். இல்லை, கிறிஸ்தவர் என்று பதில் வந்ததும் உமர் கடிந்துகொண்டார். அவர் மதம் அவருக்கு, அவர் எழுத்து எனக்கு என்று அபூ மூசா வாதாடியதாகவும் அந்தச் செய்தியிலேயே வருகிறது.

11-ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் அல்-மாவர்தி வசீர் பதவியை இரண்டாகப் பிரித்தார். சொந்த முடிவெடுக்கும் முழு அதிகார வசீர் முஸ்லிமாக இருக்க வேண்டும். ஆட்சியாளரின் கட்டளையை நிறைவேற்றும் வசீர் பிற மதத்தவராகவும் இருக்கலாம். அவருக்குச் சற்றுப் பிந்திய அல்-ஜுவைனி இதைக் கடுமையாகத் தாக்கினார். எனக்குத் தோன்றுவது, மாவர்தி புதிதாக வழி திறந்துவிடவில்லை. தன் கண்முன் நடப்பதற்குச் சட்டத்தில் ஓர் இடம் தேடினார். அவர் சிறுவனாக இருந்த காலத்தில்தான் பாக்தாதைப் பிடித்திருந்த பூயித் அரசர் அதுதுத் தௌலாவுக்கு நஸ்ர் இப்னு ஹாரூன் என்ற கிறிஸ்தவர் வசீராக இருந்தார், தேவாலயங்களையும் மடங்களையும் புதுப்பிக்க அரசரிடம் அனுமதியும் பெற்றார்.

நீக்கச் சொல்லி ஆணைகள் வந்தனவே?

பல முறை. உமையா கலீபா இரண்டாம் உமர் (717–720) ஆளுநர்களுக்கு எழுதினார். 850-இல் கலீபா அல்-முதவக்கில் ஆணையிட்டார்: தேன் நிற மேலாடை அணிய வேண்டும், அரசுப் பணியில் வைக்கக்கூடாது. 908-இல் அல்-முக்ததிர், மருத்துவமும் பணப் பொறுப்பும் தவிர வேறு வேலை தரக்கூடாது என்றார். ஆனால் அதே முக்ததிரின் வசீர் இப்னுல் புராத் நாள்தோறும் தன்னோடு உணவுக்கு அமர்த்திக்கொண்ட ஒன்பது அந்தரங்க எழுத்தர்களில் நால்வர் கிறிஸ்தவர்கள். ஓர் ஆணை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், முந்தைய ஆணை நிற்கவில்லை என்றுதான் பொருள்.

ஆனாலும் இந்த ஆணைகளை வெறும் காகிதம் என்று ஒதுக்கக்கூடாது. ஒவ்வொன்று வரும்போதும் சிலர் வேலை இழந்தார்கள், சிலர் மதம் மாறினார்கள், எல்லாருக்கும் தங்கள் இருக்கை எவ்வளவு ஆட்டங்கண்டது என்பது நினைவூட்டப்பட்டது.

எகிப்தில் மட்டும் ஏன் இவ்வளவு நீண்ட காலம்?

நைல் நதியும் நாட்காட்டியும்தான் காரணம். ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது, சூரிய ஆண்டைவிடப் பத்துப் பதினோரு நாள் குறைவு. 33 ஹிஜ்ரி ஆண்டுகளில் 32 அறுவடைதான் வரும். நிலவரியை ஹிஜ்ரி மாதம் பார்த்து வசூலித்தால் பயிர் விளையும் முன்னே ஆள் வந்து நிற்பான். ஆகவே எகிப்தின் நிலவரி, அந்நாட்டின் பூர்வீகக் கிறிஸ்தவர்களான காப்டிக் மக்களின் சூரிய நாட்காட்டியில் ஓடியது: முப்பது நாள் கொண்ட 12 மாதங்கள், கடைசியில் ஐந்தாறு நாள் கொண்ட ஒரு சிறு மாதம். வெள்ளம் எப்போது வடியும், விதை எப்போது விழும், எந்த மாதம் எந்தத் தவணை என்பதெல்லாம் அதில் பொருந்தி நின்றன.

வெள்ளம் 16 முழம் ஏறினால் முழு வரி கேட்கலாம். ஏறாவிட்டால் பஞ்சம். வற்றியதும் நிலத்தை மீண்டும் அளக்க வேண்டும், ஏனெனில் ஒவ்வோர் ஆண்டும் நனைந்த பரப்பு வேறு. இந்த அளவையும் கணக்கையும் காப்டிக் குடும்பங்கள் தந்தையிடமிருந்து மகனுக்கு என்று வீட்டுக்குள்ளேயே கற்பித்தன. கணக்கில் அவர்கள் எழுதிய எண்களே தனி, வெளியாள் பார்த்தால் புரியாது. எதிரிகள் இதைச் சூழ்ச்சி என்றார்கள். ஒரு தொழிலை நம்பி வாழும் சிறுபான்மை அதன் சூட்சுமத்தைக் கைவிடாமல் காத்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நைல் அளவுமானிப் பொறுப்பை மட்டும் 861-ஐ ஒட்டி அல்-முதவக்கில் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்து ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் கொடுத்தார். வரிக்கணக்கை அப்படிப் பிடுங்க முடியவில்லை.

வசீர் வரை போனவர்கள் யார்?

எகிப்தை ஆண்ட பாத்திமியக் கலீபாக்களின் காலக் கெய்ரோவில் மூன்று பேரைப் பார்த்தால் போதும்.

ஈசா இப்னு நஸ்தூரஸ், கலீபா அல்-அஸீஸின் (975–996) கடைசி ஆண்டுகளில் நிர்வாகத் தலைவர். சிரியாவை மனஸ்ஸே என்ற யூதர் கவனித்தார். ஒருநாள் கலீபா வரும் வழியில், கையில் மனுவோடு ஒரு காகிதப் பொம்மை நின்றது. மனஸ்ஸேயால் யூதரையும் ஈசாவால் கிறிஸ்தவரையும் உயர்த்தி, உம்மால் முஸ்லிம்களைத் தாழ்த்திய இறைவன் பேரால் கேட்கிறேன், என் குறையைக் கேளும் என்பது மனுவின் சாரம். கலீபா ஈசாவைப் பிடித்து 300,000 தீனார் தண்டம் வாங்கினார். பிறகு கலீபாவின் மகள் சித்துல் முல்க் பரிந்து பேச, பதவி திரும்பக் கிடைத்தது. அடுத்த கலீபா அல்-ஹாகிமின் ஆட்சி தொடங்கியதும் ஈசாவின் தலை போனது.

ஹாகிமிடம் பணிபுரிந்த பஹத் இப்னு இப்ராஹிமும் 1003-இல் கொல்லப்பட்டார். எருசலேமின் திருக்கல்லறை ஆலயத்தை 1009-இல் இடிக்கச் செய்த அதே ஹாகிம், அதற்குப் பின் ஈசாவின் மகன் ஸுர்ஆவைக் கூப்பிட்டு நிர்வாகத்தைக் கொடுத்தார். கொல்லப்பட்டவரின் மகனையே அழைக்க வேண்டிய அளவுக்கு அந்தக் குடும்பத்தின் கைத்திறன் தேவைப்பட்டிருக்கிறது.

மூன்றாமவர் பஹ்ராம், ஆர்மீனியக் கிறிஸ்தவர், படைத்தலைவர். 1135-இல் கலீபா அல்-ஹாபிஸ் அவரை வசீராக்கினார். அவருக்குக் கிடைத்த பட்டங்களில் ஒன்று சைபுல் இஸ்லாம், இஸ்லாத்தின் வாள். பொதுத் தொழுகையின்போது வசீர் கலீபாவோடு மிம்பர் என்ற பிரசங்க மேடையில் ஏற வேண்டுமே என்ற சிக்கல் வந்தது. அந்த இடத்தில் காஜி ஏறட்டும் என்று தீர்த்தார்கள். ஆர்மீனியர்கள் திரளாக வந்து குடியேறினார்கள், புதிய தேவாலயங்கள் எழுந்தன, ஊர் கொதித்தது. ரித்வான் என்ற தளபதி ஈட்டி முனைகளில் குர்ஆன் ஏடுகளை ஏந்திப் படை திரட்டி வந்தபோது, பஹ்ராமின் முஸ்லிம் வீரர்கள் அணி மாறினார்கள். 1137-இல் அவர் தென்னாட்டுக்கு ஓடினார். அங்கே ஆளுநராக இருந்த அவருடைய சகோதரரை மக்கள் ஏற்கெனவே கொன்றிருந்தார்கள். பஹ்ராம் ஒரு மடத்தில் ஒதுங்கினார். சில ஆண்டில் ரித்வான் விழுந்ததும் கலீபா அவரைத் திரும்ப வரவழைத்து அரண்மனையிலேயே தங்கவைத்தார். 1140-இல் இறந்தபோது அடக்கத்துக்கு கலீபாவே போனார், கல்லறை அருகே அழுதார் என்று எழுதியிருக்கிறார்கள்.

இவர்களால் சாதாரணக் கிறிஸ்தவர்களுக்கு நன்மை இருந்ததா?

இருந்தது. தேவாலயம் பழுதுபார்க்க அனுமதி, வரிச் சலுகை, சிறையில் கிடக்கும் ஆயருக்காக ஒரு சொல் என்பதெல்லாம் இவர்கள் வழியாகவே நடந்தது. நூல்களும் இவர்கள் செலவில், சில சமயம் இவர்கள் கையாலேயே வந்தன. 13-ஆம் நூற்றாண்டின் அஸ்ஸால் குடும்பத்துச் சகோதரர்கள் அரசு வட்டாரத்தில் பழகியவர்கள். அவர்களில் அஸ்-ஸபி தொகுத்த திருச்சபைச் சட்டநூல் பின்னர் எத்தியோப்பியாவின் சட்டநூலாகவே ஆனது. படைத்துறை எழுத்தரான அல்-மக்கீன் உலக வரலாறு எழுதினார். அவர் சிறையும் கண்டவர்.

விலையும் இருந்தது. சபையின் தலைவர் யார் என்பதில் இந்த எழுத்தர்களும் கட்சி கட்டினார்கள். 1216 முதல் 1235 வரை, 19 ஆண்டுகள், காப்டிக் சபைக்குப் பிதாப்பிதாவே இல்லை. அதைவிடப் பெரிய விலை வேறொன்று. வரி கேட்டு நிற்கும் முகம் கிறிஸ்தவ முகம் என்று மக்கள் பார்க்கப் பழகினார்கள். எழுத்தர் மேல் வந்த கோபம் அவரைப் பார்த்தேயிராத ஏழைக் கிறிஸ்தவரின் தெருவில் இறங்கியது.

மம்லூக்குகளின் காலத்தில் என்ன நடந்தது?

மம்லூக்குகள், அடிமைப் படைவீரர்களாக வந்து எகிப்தின் சுல்தான்களானவர்கள். அவர்கள் காலத்தில் மேலே சொன்ன கோபம் வெடித்தது. 1301-இல் மொராக்கோ பக்கமிருந்து வந்த வசீர் ஒருவர், கெய்ரோவில் நல்ல உடையோடு குதிரை மேல் போகும் ஒருவரைச் சுற்றிலும் மக்கள் கெஞ்சி, காலை முத்தமிடுவதையும் அவர் விரட்டுவதையும் பார்த்தார். கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் அரண்மனையில் போய் முறையிட்டார். கிறிஸ்தவருக்கு நீலத் தலைப்பாகை, யூதருக்கு மஞ்சள், சமாரியருக்குச் சிவப்பு என்று ஆணை வந்தது. தேவாலயங்கள் மூடப்பட்டன. 1321-இல் எகிப்தின் பல ஊர்களில் தேவாலயங்கள் இடிக்கப்பட்டன, தொடர்ந்து கெய்ரோவில் தீவைப்பு. 1354-இல் தேவாலயங்களுக்கும் மடங்களுக்கும் சொந்தமான 25,000 பெத்தான் (எகிப்திய நில அளவு) நிலம் பறிக்கப்பட்டது. கூட்டங்கூட்டமாக மதமாற்றம் நடந்தது. எகிப்தில் கிறிஸ்தவர்கள் இன்றுள்ள சிறுபான்மை அளவுக்குக் குறைந்ததில் இந்த நூற்றாண்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

மதம் மாறினால் பிரச்சினை தீர்ந்ததா?

சிலருக்குத் தீர்ந்தது. இப்னு மம்மாத்தியின் குடும்பம் அஸ்யூத் ஊர்க் காப்டிக் குடும்பம். பாத்திமியர் ஆட்சி முடியும் தறுவாயில் இஸ்லாத்துக்கு வந்தது. அவர் சுல்தான் சலாஹுத்தீனின் நிர்வாகத்தில் உயர்ந்து, எகிப்தின் நிலம், பாசனம், வரி, நாட்காட்டி எல்லாவற்றையும் விளக்கும் அருமையான நிர்வாக நூலை எழுதினார். காப்டிக் வீடுகளுக்குள் வாய்மொழியாக இருந்த கணக்கு ஞானம் அரபு நூலாக வெளிவந்த தருணங்களில் அது ஒன்று. ஆனால் கரீமுத்தீன் அல்-கபீர், சுல்தான் நாசிர் முகம்மதின் சொந்தச் சொத்துகளைக் கவனித்தவர், முஸ்லிமாகியும் கூட்டம் அவரை நம்பவில்லை. 1321 கலவரத்தில் அவர்மேல் கல் விழுந்தது. உள்ளே இன்னும் பழைய மதம் இருக்கிறது என்ற சந்தேகம் தலைமுறை தாண்டியும் தொடர்ந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஸ்பெயினில்?

அங்கும் உண்டு. கோர்டோபாவின் மூன்றாம் அப்துர் ரஹ்மான், ஜெர்மானிய அரசர் முதலாம் ஓட்டோவிடம் தூது அனுப்ப ரெசெமுண்டோ என்ற கிறிஸ்தவரைத் தேர்ந்தெடுத்தார். அரபில் அவர் பெயர் ரபீ இப்னு ஸைத். அவருக்கு எல்விரா ஆயர் பதவியும் கிடைத்தது. உழவு, விண்மீன், திருநாள் எல்லாம் சொல்லும் கோர்டோபா நாட்காட்டியோடும் அவர் பெயர் சேர்ந்தே வருகிறது.

திவான் என்ற சொல் நம்மிடமும் இருக்கிறதே?

அதே சொல்தான். அரபு அரசில் திவான் என்றால் பதிவேடு, பிறகு அதை வைத்திருக்கும் அலுவலகம். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தபோது அலுவலகத்தின் தலைவருக்கே பெயராகிவிட்டது. வசூல், பாக்கி, தாசில்தாரில் உள்ள தாசில் ஆகியவை அரபு வேர்ச் சொற்கள்.

ஒரே சொல்லில் கேட்டால், இது சகிப்பா அடக்குமுறையா?

ஒரே சொல் கிடைக்காது. இவர்களுக்குப் பதவி இருந்தது, உரிமை இருக்கவில்லை. ஆட்சியாளருக்குத் தேவை உள்ளவரை பாதுகாப்பு. சொந்தப் படையோ கூட்டமோ இல்லாத ஆள் என்பதால்தான் ஆட்சியாளர் அவரை நம்பினார். அதே காரணத்தால் ஒரே நாளில் அவரைக் கைவிடவும் முடிந்தது.

இந்த எழுத்தர் மரபு எப்போது முடிந்தது?

மம்லூக்குகளோடு முடியவில்லை. உஸ்மானியர் காலத்திலும் எகிப்தின் கணக்குப் பெரும்பாலும் காப்டிக் கைகளில்தான் இருந்தது. 1795-இல் இறந்த இப்ராஹிம் அல்-ஜவ்ஹரி நாட்டின் தலைமை எழுத்தராக இருந்தவர். அவர்கள் வரித்தவணை எழுதிய பழைய மாதப் பெயர்களைச் சொல்லித்தான் எகிப்தின் உழவர்கள், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும், இப்போதும் பருவம் பார்க்கிறார்கள்: தூத், பாபா, ஹாத்தூர், கியாக், தூபா, அம்ஷீர்.